பொதுப்பணத்தில் கட்டுகிறார்கள்; நம் பிள்ளைகளுக்குத் தொழில் எங்கே?



நீங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்தில் எங்காவது ஓர் அரசாங்கக் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும். மருத்துவமனை, நெடுஞ்சாலை, எல்ஆர்டி பாதை, பள்ளிக்கூட இணைக்கட்டடம், ஏதோ ஒன்று. அடுத்த முறை அந்த வழியே போகும்போது மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, வேலியில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். திட்டத்தின் உரிமையாளர் யார், குத்தகையாளர் யார், பொறியாளர் யார் என்று எல்லாம் இருக்கும். இந்த வேலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் தொழில் கற்கிறார்கள் என்ற வரி மட்டும் இருக்காது. அந்த வரியை எழுத வைப்பதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

யாருடைய பணம் அது? கடையில் ஒரு பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டும் விற்பனை வரி அதில் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வரி அதில் இருக்கிறது. போதாததற்கு அரசாங்கம் கடன் வாங்குகிறது. அதை அடைக்கப் போவது இன்று எஸ்பிஎம் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளைகள். ஆகவே இது யாரிடமும் கைநீட்டிக் கேட்கும் விஷயம் அல்ல. நம் பணத்துக்கு நாம் கணக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பொதுப்பணம் எங்கே போகிறதோ அங்கே இரண்டு கடமைகளும் கூடவே போக வேண்டும். அந்த வேலையில் வியர்வை சிந்துகிறவனுக்குச் சட்டப்படியான சம்பளம் நாள் தவறாமல் கிடைக்க வேண்டும். அந்த வேலையிலேயே உள்ளூர்ப் பிள்ளைகள் சம்பளத்தோடும் சான்றிதழோடும் தொழில் கற்க இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் அமைச்சர் மேடையில் சொன்னால் போதாது. குத்தகைப் பத்திரத்தில் எழுத வேண்டும். மீறினால் பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும்.

சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அதற்குப் பிறகு போட்ட தண்டவாளங்களிலும் சாலைகளிலும் யாருடைய முதுகெலும்பு தேய்ந்தது என்று உங்கள் பாட்டிக்குத் தெரியும். அந்த வெள்ளைக்காரனைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், கவனியுங்கள். 1891ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் சபை ஒரு தீர்மானம் போட்டது. அரசாங்கக் குத்தகை எடுக்கிறவன் அந்தத் தொழிலில் நடப்பில் உள்ள நியாயமான கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்ற தீர்மானம். அதே காலத்தில் அதே அரசாங்கத்தின் ஆட்சியில் இங்கே நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கட்டுண்டு கிடந்தார்கள். அந்த முறை மலாயாவில் ஒழிந்தது 1910ல்தான். லண்டன் கொத்தனாருக்கு ஒரு நியாயம், தைப்பிங் தமிழனுக்கு ஒரு நியாயம்! பொதுப்பணத்தில் நடக்கும் வேலைக்குக் கூலி நிபந்தனை போடலாம் என்பது ஏதோ நாங்கள் நேற்றுக் கண்டுபிடித்த யோசனை என்று யாராவது சொன்னால், அது நூற்று முப்பது வருடத்துக்கு மேல் பழசு என்று பதில் சொல்லுங்கள்.

பிறகு பொதுப்பணி இலாகா, ரயில்வே, நகராண்மைக் கழகம் என்று நம்மவர்கள் அரசாங்கத்தின் நேரடித் தொழிலாளர்கள் ஆனார்கள். கஷ்ட ஜீவனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் குவார்ட்டர்ஸ் இருந்தது, பென்ஷன் இருந்தது, சங்கம் இருந்தது. தார் போடுகிறவரின் மகன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பழக முடிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளில் தனியார்மயம் வந்தது. அதன்பின் அரசாங்கம் தானே வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டு குத்தகைக்குக் கொடுப்பதைக் கூட்டிக்கொண்டே போனது. பணம் குத்தகையாளரிடம் போனது. கடமை இலாகாவின் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

புத்ராஜெயாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெராங் பெசார் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் இருந்த இடம் அது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே நாட்டின் நிர்வாகத் தலைநகரம் எழும்பத் தொடங்கியது. பால் மரம் வெட்டிய கைகளை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்களில் விழுந்த விரிசல்களைப் பற்றி எத்தனையோ முறை பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வீட்டுக்காக அந்த மக்கள் நடத்திய போராட்டத்தை எல்லாரும் அறிவோம். ஆனால் இன்னொரு கேள்வியை நாம் கேட்கத் தவறினோம். தோட்டத்து மண்ணிலேயே பல ஆண்டுகளாக, கண்ணுக்கு எதிரே ஒரு நகரமே கட்டப்பட்டதே! அந்தப் பிள்ளைகளை வயரிங், வெல்டிங், கிரேன் ஓட்டுதல் என்று ஏன் பழக்கவில்லை? பழக்க வேண்டும் என்று எந்தக் குத்தகையில் எழுதியிருந்தது?

சட்டம் எந்த இடத்தில் கைவிடுகிறது?

நான் வழக்கறிஞன். ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் உங்கள் சம்பளம் அடங்கியிருக்கிறது.

அரசியல் சாசனத்தின் 8வது பிரிவு, இனம், மதம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் இவற்றை மட்டுமே காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பொது அதிகாரத்தின் கீழ் வரும் வேலை நியமனத்துக்கும் இது பொருந்தும். சாசனமே அனுமதிக்கும் விலக்குகள் மட்டும் உண்டு. நல்லது. ஆனால் ‘பொது அதிகாரம்’ என்ற சொல்லில்தான் பூட்டு இருக்கிறது. கர்ப்பம் காரணமாக வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், சாசன உரிமையைச் சட்டமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் எதிராகத்தான் கோர முடியும், தனி நபருக்கும் தனியார் முதலாளிக்கும் எதிராகக் கோர முடியாது என்று 2005ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளைவு என்ன? பொதுப்பணி இலாகா நேரடியாக ஆள் எடுத்தால் 8வது பிரிவு உங்கள் பையனுக்குத் துணை நிற்கும். அதே வேலையைத் தனியார் குத்தகையாளரிடம் கொடுத்துவிட்டால், அதே அரசாங்கப் பணத்தில் சம்பளம் வாங்க வேண்டிய அதே பையன் சைட் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டாலும் அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது.

2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு வந்திருக்கிறது. வேலையில் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தின் வாசகம் தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறு என்கிறது. வாசலில் நிற்கிறவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! ஐசெர்ட் எனப்படும் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் கையெழுத்திடப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆக, பெரிய கதவுகள் எல்லாம் சாத்தியே கிடக்கின்றன. குத்தகைப் பத்திரம் என்பது சின்னக் கதவு. அதைத் திறக்க சாசனத் திருத்தம் வேண்டாம், மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டாம். நிதி அமைச்சும் பொதுப்பணி அமைச்சும் மனம் வைத்தால் போதும்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். செபராங் பிறையைச் சேர்ந்த ஒரு வெல்டர் என்னைப் பார்க்க வந்தார். பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். அரசாங்க வேலைதான். முதன்மைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே ஒரு துணைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவரிடம்தான் இவர் வேலை. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. கடைசி ஆளின் கைப்பேசி அணைந்துவிட்டது. மேலே போய்க் கேட்டால், “நீ எங்கள் ஆள் இல்லை” என்று கையை விரித்துவிட்டார்கள்.

இந்தப் பதில் சட்டப்படி தப்பு. வேலைச் சட்டம் 1955ன் 33வது பிரிவின்படி, துணைக் குத்தகையாளர் சம்பளம் கொடுக்காவிட்டால் அவருக்கு மேலே உள்ள குத்தகையாளரும் சேர்ந்தே பொறுப்பு. இதை எத்தனை பேருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் அந்தப் பிரிவுக்குள் மூன்று முள் இருக்கிறது. தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் மேலே உள்ளவரிடம் கேட்க முடியாது. சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய முள்: கட்டடம் கட்டும் குத்தகையாக இருந்தால், வேலையைக் கொடுத்த உரிமையாளர் தானும் கட்டுமானத் தொழில் செய்பவராகவோ வீடமைப்பு மேம்பாட்டாளராகவோ இருந்தால் ஒழிய அவருக்குப் பொறுப்பே இல்லை. அதாவது, மருத்துவமனை கட்டச் சொன்னவர் கையைக் கழுவிக்கொள்ளலாம்!

அந்த வெல்டர் வந்தபோது முதல் இரண்டு மாதங்களுக்கான 90 நாள் கெடு தாண்டிவிட்டது. “இன்னும் ரெண்டு வாரத்தில வந்துரும் தம்பி” என்று மண்டோர் சொன்னதை நம்பிக் காத்திருந்திருக்கிறார். காத்திருக்கச் சொல்கிறவர்களுக்கு அந்தக் கெடு தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

இதே தொழிலில் முதலாளிமார் தங்களுக்காக என்ன வாங்கிக்கொண்டார்கள் என்று பாருங்கள். கட்டுமானத் தொழில் பணப்பட்டுவாடா, தீர்ப்புச் சட்டம் என்று 2012ல் ஒன்று நிறைவேறி 2014 ஏப்ரல் 15 முதல் அமலில் இருக்கிறது. மேலே உள்ளவர் பணம் தராவிட்டால் துணைக் குத்தகையாளர் ஒரு நடுவரிடம் போகலாம். அவர் பொதுவாக 45 வேலை நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். “எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்” என்ற நிபந்தனையையே அந்தச் சட்டத்தின் 35வது பிரிவு செல்லாது என்று ஆக்கிவிட்டது. நல்ல சட்டம். ஆனால் அதே வாசகத்தை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தொழிலாளியிடம் சொல்கிறார்களே! கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையே தடை செய்யப்பட்ட வார்த்தை, கொங்சி வாசலில் மட்டும் எப்படித் தாராளமாகப் புழங்குகிறது?

இத்தனைக்கும் அரசாங்கத்தின் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. பொதுப்பணி இலாகா பல காலமாகப் பயன்படுத்தும் நிலையான குத்தகைப் படிவத்துக்கு ஜேகேஆர் 203ஏ என்று பெயர். குத்தகையாளர் மலேசியக் குடிமக்களை மட்டுமே வேலைக்கு வைக்க வேண்டும், குறிப்பிட்ட திறனுக்கு மலேசியர் கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் மற்றவரை வைக்கலாம் என்று அந்தப் படிவம் சொல்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? சைட்டில் போய்ப் பாருங்கள், விதி எது விலக்கு எது என்று உங்களுக்கே புரியும். சம்பளம் பாக்கி வைத்துத் தொழிலாளர் இலாகாவில் புகார் நிரூபணமானால், குத்தகையாளருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து எடுத்து அரசாங்கமே தொழிலாளிக்குக் கொடுக்கலாம் என்ற விதியும் அதே படிவத்தில் உண்டு. ‘கொடுக்கலாம்’! அந்த ஒரு சொல்லை ‘கொடுக்க வேண்டும்’ என்று மாற்றினாலே எத்தனையோ குடும்பங்களில் வீட்டு வாடகை நேரத்துக்குக் கட்டப்படும்.

‘மலேசியர் கிடைக்கவில்லை’ என்ற சாக்கை அடைக்கும் வழி ஒன்றுதான். கிடைக்கும்படி ஆளை உருவாக்கும் கடமையையும் அதே பத்திரத்தில் எழுத வேண்டும். அது இன்றைக்கு அங்கே இல்லாத பக்கம்.

பயிற்சி இல்லாமல் இல்லை, வேலையோடு சேர்ந்த பயிற்சிதான் இல்லை

“மித்ரா இருக்கிறதே, ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குகிறார்களே” என்று கேட்பார்கள். இருக்கிறது. அந்த நிதியைப் பற்றி 2021ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதும் இருக்கிறது. அதை விடுங்கள், ஒழுங்காகச் செலவான வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஹோட்டல் மண்டபத்தில் சில வாரப் பயிற்சி, ஒரு டீ-சட்டை, ஒரு சான்றிதழ், தலைவரோடு ஒரு படம். பையன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போனால், “அனுபவம் இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. அனுபவம் எங்கே கிடைக்கும்? சைட்டில்தான் கிடைக்கும். இந்தச் செக்கில் நம் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பாதுகாவலர் வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும் போய்ச் சேர்கிறார்கள். அந்த வேலைகளை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் அதில் ஓடியபின் கையில் என்ன தொழில் நிற்கும் என்பதைப் பெற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

வேலையிடத்திலேயே பழகும் முறை இந்த நாட்டில் சட்டமாகவும் திட்டமாகவும் ஏற்கெனவே இருக்கிறது. எஸ்எல்டிஎன் எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை 2005ல் தொடங்கியது. அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் மீதி வகுப்பிலும் நடக்கும். முடித்தவனுக்கு எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ். தொழில் பழகும் ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம், அதிகம் இருபத்து நான்கு மாதம் என்று வேலைச் சட்டமே இப்போது வரையறுக்கிறது. பணம்? அதுவும் இருக்கிறது. 5 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டுமானக் குத்தகையிலும் 0.125 விழுக்காட்டைக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி லெவியாக வாங்குகிறது. 100 கோடி வெள்ளி வேலை என்றால் லெவி மட்டும் 12.5 லட்சம் வெள்ளி.

ஆக, முறை இருக்கிறது, பணம் இருக்கிறது, வேலையும் நடக்கிறது. மூன்றையும் ஒரே நூலில் கோர்க்கும் நிபந்தனைதான் இல்லை.

பினாங்கைப் பாருங்கள். முத்தியாரா எல்ஆர்டி பாதைக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 29.5 கிலோமீட்டர், தீவிலிருந்து கடலைக் கடந்து பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரை. திட்டத்தை நடத்தும் எம்ஆர்டி கார்ப், நிதி அமைச்சுக்கே சொந்தமான நிறுவனம். முதல் பகுதியின் சிவில் வேலை மட்டும் ஏறக்குறைய 830 கோடி வெள்ளி. ஒவ்வொரு 50 லட்சம் வெள்ளிக்கும் ஒரு பயிற்சித் தொழிலாளி என்று ஒரு விதி இருந்தால், அந்த ஒரு குத்தகையிலேயே 1,660 இடங்கள். கம்பி கட்டுதல், பலகை அடித்தல், வெல்டிங், மின்சாரம், சர்வே, கனரக இயந்திரம்! பட்டர்வொர்த்திலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் நிபோங் திபாலிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இது நான் போட்ட விதி, ஒப்புக்கொள்கிறேன். 50 லட்சம் சரியா, ஒரு கோடி சரியா என்று மேசையில் உட்கார்ந்து பேசலாம். விதியே இல்லாதபோது எதைப் பேசுவது?

இதெல்லாம் நடக்குமா என்கிறவர்களுக்கு: லண்டனில் 2022ல் திறந்த எலிசபெத் ரயில் பாதையைக் கட்டியபோது 400 பயிற்சித் தொழிலாளர்களை உருவாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். குத்தகையாளர்கள் மேல் அந்தப் பொறுப்பை ஏற்றினார்கள். முடிவில் ஆயிரத்தைத் தாண்டியது. அது வெள்ளைக்காரன் ஊர் என்பீர்கள். சரி, நம் ஊர். எம்ஆர்டி முதல் பாதைக்குச் சுரங்கம் தோண்ட ஆள் இல்லை என்றபோது எம்எம்சி-கமுடா 2011ல் கோத்தா கெமுனிங்கில் சுரங்கப் பயிற்சிக் கழகம் ஒன்றையே தொடங்கி மலேசிய இளைஞர்களைப் பழக்கியது. தனக்குத் தேவை என்றால் குத்தகையாளருக்கு முடிகிறது. நாட்டுக்குத் தேவை என்றால் மட்டும் முடியாதா?

இன்னொன்று. கிழக்குக்கரை ரயில் திட்டத்தைச் சீனக் கம்பெனியோடு 2019ல் மறுபேச்சு நடத்தியபோது, உள்ளூர்க் குத்தகையாளர்களின் பங்கை சிவில் வேலையில் 30 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காட்டுக்கு ஏற்றினார்கள். பூமிபுத்ரா குத்தகையாளர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்பதையும் யாரும் மறைப்பதில்லை. ஆகவே பத்திரத்தில் பங்கு எழுதுவது இவர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. தவுக்கேக்களுக்காக எழுதுகிறார்கள், தொழிலாளிக்காக எழுதுவதில்லை. இதைச் சொல்லும்போது நம் தவுக்கேக்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். நம் கட்சித் தலைவர்கள் எத்தனை ஆண்டுகளாக ‘இந்தியக் குத்தகையாளர்களுக்கு வாய்ப்பு’ என்று மேடை போட்டிருக்கிறார்கள்! வாய்ப்புக் கிடைத்த நாலு பேர் பெரிய கார் வாங்கினார்கள். அவர்கள் சைட்டில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் எஸ்கேஎம் எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் வந்ததா? நான் பார்க்கவில்லை.

“நம் பையன்கள் இந்த வேலைக்கு வரமாட்டான்கள்”

இந்த வசனத்தை மந்திரிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், சில சமயம் நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். கையில் சம்பளச் சீட்டு இல்லாமல், இபிஎப் இல்லாமல், சொக்சோ இல்லாமல், வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, மாதக் கடைசியில் மண்டோர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்க வேண்டிய வேலைக்கு யார் வருவான்? மந்திரியின் மகன் வருவானா? சிங்கப்பூரில் அதே வெல்டிங்குக்கு நம் ஜொகூர்ப் பையன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டிப் போகிறானே, அவன் சோம்பேறியா? 1,700 வெள்ளிதான் இன்று குறைந்தபட்சச் சம்பளம். அது அடித்தளம். எஸ்கேஎம் இரண்டாம் நிலைக்கு இவ்வளவு, மூன்றாம் நிலைக்கு இவ்வளவு என்று ஏணி வைத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் வருகிறானா இல்லையா என்று பார்க்கட்டும்.

அந்நியத் தொழிலாளர்கள் மேல் கோபத்தைக் காட்டச் சொல்லும் ஒரு கூட்டமும் நம்மிடையே இருக்கிறது. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதீர்கள். 2014 ஆகஸ்டில் கோத்தா டமன்சாராவில் எம்ஆர்டி மேம்பாலத்தின் கான்கிரீட் பாகம் விழுந்து மூன்று வங்காளதேசத் தொழிலாளர்கள் செத்தார்கள். நீங்களும் நானும் அந்தப் பாதையில்தான் இன்று பயணம் செய்கிறோம். ஏஜெண்டிடம் பட்ட கடனோடு வந்து, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கொங்சியில் படுத்திருக்கிறவன் கதை நமக்குப் புதிதல்ல. கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவன் மலிவாக இருப்பது அவன் குற்றமல்ல. அவனை மலிவாக வைத்திருக்க முடிவதால்தான் உங்கள் பையனைக் கூப்பிடவில்லை. அவனுக்கும் சட்டப்படியான சம்பளம் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று குத்தகையில் எழுதுங்கள், உள்ளூர் ஆளை ஒதுக்குவதில் கிடைக்கும் லாபம் அன்றைக்கே வற்றிவிடும். இங்கே அவனுக்காகப் பேசுவது நமக்காகப் பேசுவதுதான்.

இன ஒதுக்கீடு கேட்கிறீர்களா, இது இனவாதம் இல்லையா என்று ஒரு குரல் வரும். நான் கேட்பது உள்ளூர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்த இடங்கள். மலாய்க்காரக் கம்பத்துப் பிள்ளையும் வரட்டும், ஒராங் அஸ்லி பிள்ளையும் வரட்டும், புதுக்கிராமத்துச் சீனப் பிள்ளையும் வரட்டும். ஆனால் யார் விண்ணப்பித்தார்கள், யாரை எடுத்தார்கள், எந்த இனம், எந்த வட்டாரம் என்ற கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவர வேண்டும். 2017ல் வந்த மலேசிய இந்தியர் வியூகப் பெருந்திட்டம் பொதுச்சேவையில் இந்தியர் பங்கு 7 விழுக்காடாக உயர வேண்டும் என்றது. அரசாங்க வேலையின் பெரும்பங்கு குத்தகைக்குப் போய்விட்ட பிறகு, அந்த ஏழு விழுக்காட்டை அலுவலக மேசைகளில் மட்டும் தேடினால் எப்படி? கணக்கு வெளிவராத இடத்தில் பாகுபாடு இல்லை என்று சொல்வது மிகவும் சுலபம்.

காலம் இதற்குச் சாதகமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அரசாங்கக் கொள்முதல் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. அதுவரை இந்த விவகாரம் பெரும்பாலும் கருவூலச் சுற்றறிக்கைகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சரின் அதிகாரம் எவ்வளவு, டெண்டரில் தோற்ற கம்பெனி எங்கே முறையிடலாம் என்று நிறையப் பேசினார்கள். சைட்டில் நிற்கிறவனைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். சட்டத்தின் கீழ் விதிமுறைகளும் குத்தகைப் படிவங்களும் எழுதப்படும்போது கேட்காவிட்டால் இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டும். 2007 நவம்பர் 25 அன்று தெருவில் நின்ற மக்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது பெரிய வேலையா?

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், மலாயில் எழுதினால் இன்னும் நல்லது, அரைப் பக்கம் போதும். உங்கள் தொகுதியில் நடக்கும் ஓர் அரசாங்கக் கட்டுமானத்தின் பெயரைப் பலகையிலிருந்து பார்த்து எழுதி, நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தக் குத்தகையில் பயிற்சித் தொழிலாளர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? சம்பளப் பாக்கிப் புகார் எத்தனை வந்தது? குத்தகையாளரின் பணத்திலிருந்து பிடித்துத் தொழிலாளிக்குக் கொடுத்த சம்பவம் ஒன்றாவது உண்டா? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருக்கும் அப்பாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பதினைந்து வருடம் வெல்டிங் செய்தும் கையில் ஒரு தாள் இல்லை என்று வருந்துகிறீர்களே, திறன் மேம்பாட்டு இலாகாவில் பிபிடி என்ற வழி இருக்கிறது. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை அது. வகுப்பில் போய் உட்காராமலே, செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டி எஸ்கேஎம் எடுக்கலாம். படங்கள், வேலைக் கடிதங்கள், சிஐடிபி அட்டை எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள். பிள்ளைகளுக்கு, ஆள்பல இலாகாவின் அட்டெக் நிலையங்கள் எல்லா இனத்துக்கும் திறந்தவை. விண்ணப்பிக்காமலே ‘நமக்குக் கிடைக்காது’ என்று முடிவு கட்டாதீர்கள். விண்ணப்பித்து மறுத்தால் மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

சம்பளம் பாக்கியா? வேலைக்குச் சேர்ந்த நாள், சைட்டின் பெயர், முதன்மைக் குத்தகையாளரின் பெயர், மண்டோர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், உடன் வேலை செய்த இருவரின் பெயர் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதால் நீங்கள் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. அவர் சொன்ன நேரத்தில், அவர் கொடுத்த கருவியில், அவர் கட்டுப்பாட்டில் வேலை செய்திருந்தால் 101சி பிரிவு உங்களைத் தொழிலாளி என்றே அனுமானிக்கும். புகாரில் கடைசி ஆளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், மேலே உள்ள குத்தகையாளரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 90 நாள் என்பதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள். மண்டோர் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள், ஆனால் தொழிலாளர் இலாகாவில் புகாரைப் பதிந்துவிட்டுப் பொறுங்கள்.